டாக்டர் மேனனுக்கு முடி இருந்தது

சிவராமகிருஷ்ணனை நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவன்மேல் பாதி, என்மேல் பாதி. காரை ஓட்டிக்கொண்டு போனவன் நான்தானே.

தொண்ணூற்றொன்றில் இருவரும் ஒரே கம்பெனிக்குப் புரோகிராமர்களாக அமெரிக்கா வந்து, மான்மவுத் ஜங்ஷனில் அடுத்தடுத்த அபார்ட்மென்ட்டில் குடியேறினோம். நான் வேலை பார்க்க வந்தேன். அவன் இங்கிலீஷ் டிவியில் நடிக்க வந்தான். அது எனக்கே நான்கு வருடம் கழித்து, அவன் கிரீன் கார்டு வாங்கிய மறுவாரம்தான் தெரிந்தது. அதன் பிறகு அவன் எடுத்த லீவெல்லாம் நியூயார்க் ரயிலிலும் ஆடிஷன் வரிசையிலும் கரைந்தது.

கிடைத்தது என்ன? மூன்று முறை டாக்சி டிரைவர், இரண்டு முறை பேப்பர் கடைக்காரர், ஒரு முறை பிணம். பிணமாகப் படுத்ததில்தான் முகம் அதிக நேரம் தெரிந்தது. எந்த வேஷத்துக்கும் பெயர் கிடையாது. கடைசியில் ஓடும் எழுத்துகளில் 'இரண்டாவது டிரைவர்' என்று போடுவார்கள். அவன் மனைவி புஷ்பவல்லி அதையும் கேசட்டில் பதிவு செய்து, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதட்டுவோம். அவனுக்கு அது தெரியும்.

"பேரோட ஒரே ஒரு ரோல் கிடைச்சா போதும்டா வெங்கடாசலம்," என்பான் என்னிடம்.

தொண்ணூற்றொன்பது செப்டம்பரில் கிடைத்தது. ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் டாக்டர் மேனன். ஆறு எபிசோடு. முதல் எபிசோடில், நோயாளியின் மனைவிக்குத் தைரியம் சொல்லிவிட்டு, அறைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதோடு அவன் காட்சி முடிந்தது. அடுத்த படப்பிடிப்புக்குப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளில் புஷ்பவல்லி வாயைத் திறந்தாள். பெயருள்ள வேஷம் கிடைத்தால் பிட்ஸ்பர்க் பெருமாளுக்கு முடி கொடுப்பதாக வேண்டியிருந்தாளாம். அவள் முடியை இல்லை, அவன் முடியை!

"ஷூட்டிங் எல்லாம் முடியட்டுமே, அப்புறம் குடுக்கலாம்," என்றான் அவன்.

"கிடைச்ச உடனே தர்றேன்னு வேண்டிக்கிட்டேங்க. தள்ளிப் போட்டா தெய்வக் குத்தம். நீங்களாவது சொல்லுங்கண்ணா," என்று என் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர்தானேடா? மொட்டைன்னா ஒரு சீனியர் லுக் வரும்," என்று நானும் திருவாய் மலர்ந்தேன்.

ஒரே வேஷத்துக்கு இரண்டாம் முறை போய் அவனுக்குப் பழக்கமே இல்லை; அதுவரை எல்லாம் ஒரு நாள் கூத்து. சனிக்கிழமை ஆறு மணி நேரம் ஓட்டிப் போய், மொட்டை போட்டு, மீசையையும் எடுத்து, கோயில் புளியோதரை சாப்பிட்டு, மறுநாள் திரும்பினோம்.

செவ்வாய்க்கிழமை ஸ்டுடியோவில் மேக்கப் பெண் அவனைப் பார்த்து அலறிவிட்டாளாம். எங்களுக்குத்தான் பத்து நாள். கதையில் ஒரு விநாடிகூட ஆகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் முடியும் மீசையுமாகப் போன டாக்டர், இந்தப் பக்கம் மொட்டையாக எப்படி வருவார்? விக் வைத்துப் பார்த்தார்கள், மீசை ஒட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அரை மணி நேரத்தில் வசனத்தை மாற்றினார்கள். "டாக்டர் மேனனை அவசரமாக மாடிக்குக் கூப்பிட்டார்கள்" என்று வேறொரு டாக்டர் வந்து சொன்னார். மாடிக்குப் போன மேனன் இறங்கவே இல்லை.

கேட்காமல் தோற்றத்தை மாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தில் நான்காம் பக்கத்தில் இருந்ததாம். முட்டாள்கள், எங்களில் யார் அதைப் படித்தது?

ஜனவரிக்குள் முடி பழையபடி வளர்ந்துவிட்டது. அவனுக்கு வேஷம் பிடித்துத் தரும் ஏஜென்ட் மட்டும் கூப்பிடவில்லை. இவன் கூப்பிட்டால் மெஷின் பேசியது. இரண்டாயிரத்தொன்று வசந்தத்தில், 'இனி உங்களை ஆடிஷனுக்கு அனுப்புவதற்கில்லை' என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

புஷ்பவல்லி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி வேண்டிக்கிறேங்க. பெருமாள் கைவிட மாட்டார்," என்றாள்.

அவன் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"வேண்டாம்! அவர் எங்க கைவிட்டார்? கேட்டதைக் குடுத்துட்டார் புஷ்பா. நம்ம மூணு பேரும்தான் ஆறு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போய், அதை அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு வந்தோம்."