மரவள்ளியும் மூக்குக்கண்ணாடியும்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளிதான். அந்த நிலத்தைத் தொழில் நிலமாக மாற்றி, வரியையும் தள்ளுபடி செய்து ஒரு சோப்பு ஆலைக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க ஜப்பானிய அதிகாரி வந்தார். கூடவே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஒல்லியான ஆள், தொளதொள கால்சட்டை. வாய் திறக்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

பக்கத்து வீட்டு அக்கா மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக்கொண்டார். "கிழங்கைப் புடுங்கிட்டு எங்களைச் சோப்பைத் தின்னச் சொல்றானா? கேளுய்யா அவனை!"

அவர் கண்ணாடியைத் துடைத்தார், குனிந்து வணங்கினார், ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அதிகாரி முகம் சுளித்து, மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார். ஆலை வரவேயில்லை.

பிறகு சந்தையில் அந்த மொழிபெயர்ப்பாளரைக் கண்டபோது, "அன்னிக்கு என்னதான் சொன்னீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

கண்ணாடி கைக்கு வந்தது. "எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம், நிலத்தை எப்ப எடுத்துக்குவீங்கன்னு கேக்குறாங்கன்னு சொன்னேன். தரமாட்டோம்னா புடுங்கிக்குவான். எடுத்துக்கோன்னா நிலத்துல ஏதோ கோளாறுன்னு நினைப்பான். அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. "நான் திட்டினதை ஒரு வார்த்தை விடாம அந்த ஜப்பான்காரன்கிட்ட சொன்னான் பாரு, அவன்தான் ஆம்பளை" என்று அக்கா கடைசிவரை அவரை மெச்சிக்கொண்டிருந்தார்.