அழற்சியும் அயர்ச்சியும்

என் கடைசி மகனை வேலை செய்கிற இடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. பீரோவோ பிரிட்ஜோ, முதுகில் பட்டையைக் கட்டி ஒற்றை ஆளாய் மாடி ஏற்றிவிடுவான். சின்ன வயதில் அவனுக்குச் சளிகூடப் பிடித்ததில்லை. இதைச் சொன்னால் பெற்றவளுக்கு எல்லாம் மறந்துபோகும் என்று மருமகள் சிரிப்பாள். மறக்கவில்லை. பிடித்ததில்லை என்றால் பிடித்ததில்லைதான்.

அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, நெஞ்சு வலி விடவில்லை. மூச்சை இழுத்தால் குத்துகிறது என்றான். சுமை தூக்கிய பிடிப்பு என்று அவனே முடிவு கட்டித் தைலம் தேய்த்துக்கொண்டான். மருமகள் துணி தைப்பவள், ஒரு பிசிறைப் பார்த்தால் விடமாட்டாள். அவனை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். நெஞ்சில் ஒயரை ஒட்டிப் படம் எடுத்ததில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் எடுத்து, முடிவு வரும்வரை இருக்கச் சொன்னார்கள். மருமகள் மருந்துக்கடைப் பக்கம் போன சமயம் பார்த்து இவன் நழுவிவிட்டான். ஒரு இரும்பு பீரோ நாலாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு.

லாரிச் சத்தத்துக்கு நடுவே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருக்கிறது. இதயத் தசையில் அழற்சி, உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் காதில் விழுந்தது தசையும் அயர்ச்சியும்தான். சரி சரி என்று வைத்துவிட்டு வீட்டுக்குப் பேசினான். எடுத்தவள் நான்.

"தசை அயர்ச்சியாம்மா. இதுக்கா ரத்தம் எடுத்தாங்க? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அயர்ச்சிக்குத் தூங்கினால் போதுமே. அவனைத் தேடி வீட்டுக்கு ஓடிவந்த மருமகளிடம் அப்படியே சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அயர்ச்சின்னு சொல்றதுக்கு யாராவது மெனக்கெட்டு போன் பண்ணுவாங்களா அத்தை?"

ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். "ழ-வா, ய-வா?" என்று கேட்டாள். ழ-தான் என்றார்கள். அழற்சி என்றால் உள்ளே புண்பட்டு வீங்குவதாம். இதயத் தசை நொந்தால் அதற்கென்று ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். தோள் எவ்வளவு நொந்தாலும் அது வராதாம். அவன் ரத்தத்தில் அது ஏறிக் கிடந்தது. வீக்கத்தைக் காட்டுகிற இன்னொன்றும் ஏறியிருந்தது. இந்த நேரத்தில் பளு தூக்கினால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம் என்றார்களாம்.

அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. முதுகில் பீரோ இருப்பவன் எதை எடுப்பான்? எந்தத் தெருவில் வேலை என்று காலையிலேயே சொல்லியிருந்தான். ஆட்டோ பிடித்தோம். நீங்கள் வரவேண்டாம் என்றாள். அவளுக்கு முன்னால் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பாதிப் படியில் இருந்தான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்க, பாரம் முழுதும் இவன் மேல். உதடு வெளுத்து, கழுத்தெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் கால் இடறும். அதனால் மருமகள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே ஏறினாள். நான் கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருப்பத்தில் அவன் பீரோவைச் சுவரில் சாய்த்ததும், பட்டையின் கொக்கியை அவளே கழற்றிவிட்டாள்.

"இறங்குங்க."

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. வெறும் அயர்ச்சிக்கு..."

"அயர்ச்சி இல்லைங்க, அழற்சி. தோள்ல இல்ல, இதயத்துல."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்தப் புரதம் முன்னைவிட ஏறியிருந்தது. அடைப்பாக இருக்குமோ என்று ரத்தக்குழாயில் பார்த்தார்கள், அடைப்பு இல்லை. காய்ச்சல் கிருமி செய்த வேலைதான் என்றார்கள். ரத்தம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் கேட்டது ஒன்றுதான், ஏறியதா இறங்கியதா என்று. இன்னும் ஏறியது. பிறகு ஏறாமலும் இறங்காமலும் நின்றது. அன்றைக்கு நாங்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் இறங்கத் தொடங்கியது.

இறங்கினாலும் ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. கூட வேலை செய்கிறவர்கள் வந்து, கிரேனை ஷெட்டில் விட்டாச்சா என்று கேலி பேசினார்கள். இவனும் சிரித்தான். அவர்கள் போன பிறகு என்னைக் கேட்டான்.

"அந்த பீரோவ யாரும்மா மேல ஏத்தினது?"

மூன்று பேராகச் சேர்ந்து ஏற்றினார்கள் என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.