அமாவாசை என்று பேர் வைத்த பக்கங்கள்

அந்தச் சிவப்பு வரி என் வலைப்பூவின் தலையில் எத்தனை நாளாக நின்றதோ தெரியாது. இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. அஞ்சாவதோடு நின்றவள் நான். போனில் இப்படி எதுவாவது வந்துகொண்டேதான் இருக்கும், விளம்பரம் என்று தள்ளிவிட்டுப் போவேன். இது தள்ளினாலும் போகவில்லை. ஒரு நாள் பழசைப் படிக்கலாம் என்று திறந்தால் எழுதுகிற பொத்தானையே காணோம். அடியில் படிக்கிறவர்கள் கருத்து எழுதுகிற பெட்டியும் மூடிக்கிடந்தது.

எனக்கு இப்படி ஒன்று இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு மாடியில் முன்பு ஒரு டீச்சர் குடியிருந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, என் போனில் அவர்தான் இதைத் தொடங்கிக் கொடுத்தார். பேர் போடாதீங்க, ஊர் போடாதீங்க, மனசுல இருக்கறதைப் போடுங்க என்றார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார்.

எங்களுக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. அமாவாசையன்று பட்டறையில் யாரும் உளி எடுக்க மாட்டார்கள், வெல்டிங் பிடிக்க மாட்டார்கள். காலையில் பூஜை, மதியம் வடை பாயசத்தோடு சாப்பாடு, அப்புறம் வீட்டுக்காரர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். மாதத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் என்னுடையது. அடுக்களையில் மணையைப் போட்டு உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுதுவேன். தலைப்பு கேட்கும். எனக்கு என்ன தலைப்பு வைக்கத் தெரியும்? அமாவாசை என்று போட்டுவிடுவேன். நூற்றுச் சொச்சம் எழுதியாயிற்று, எல்லாவற்றுக்கும் அதே பேர்தான்.

படித்தவர்கள் எத்தனை பேரோ. கருத்து எழுதியது ஒரே ஒருவர். ஒவ்வொரு அமாவாசையும் பொழுது இறங்குவதற்குள் அடியில் ஒரே வார்த்தை வந்துவிடும். "படிச்சேன்." பேர் இருக்காது.

யார் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை எங்கள் அம்மா பச்சைப்பயிறு கடைகிற விதத்தை எழுதியிருந்தேன், சீரகம் வறுத்துப் போடுவார் என்று. அன்றைக்கு மட்டும் இரண்டு வார்த்தை கூடுதலாக வந்தது. "சீரகமில்ல, வரக்கொத்தமல்லி. படிச்சேன்." அந்த அடுப்படியில் அம்மா கடைவதைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடிருப்பது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் அக்கா. எப்படிக் கண்டுபிடித்தாளோ, தெரியாது.

அக்கா வீட்டோடு எங்களுக்குப் பேச்சு இல்லை. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் சகலை, ஒரே பட்டறையில் பங்காக இருந்தவர்கள். எங்கள் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தல் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்க, கடைசி மூச்சுக்குக்கூட இவள் வரவில்லை என்று அக்கா என்னைச் சொன்னாள். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து எழுந்துவிட்டார். அவர்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு அயோத்தியாப்பட்டணத்தில் தனிப் பட்டறை போட்டுக்கொண்டார்கள். அவள் படியை மிதிக்கக் கூடாது, அவளோடு வாய் பேசக் கூடாது என்று இவர் சொன்னார். நான் மிதிக்கவில்லை, பேசவில்லை. என் மகன் கல்யாணத்துக்குக்கூட அழைப்பு போகவில்லை. அந்த ஒற்றை வார்த்தைதான் எங்களுக்குள் மிச்சமிருந்தது. அதுவும் இப்போது மூடிக்கிடந்தது.

வேறு வழியில்லாமல் மருமகளிடம் போனேன். அவளுக்கு ஃபேர்லேண்ட்ஸில் கம்ப்யூட்டர் ஆபீஸ், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. போனை நீட்டினேன். அவளைப் பற்றியும் நான் எழுதியிருக்கிறேன், அவள் வைக்கிற ரசத்தைப் பற்றி. அதையும் படிப்பாள்.

அவள் சிவப்பு வரியைப் படித்தாள். அந்தக் கம்பெனி கடையை மூடுகிறதாம். நாளை சாயங்காலத்தோடு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். பிறகு அவள் கீழே தள்ளித் தள்ளிப் படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ரசத்துக்கு இத்தனை எழுதியிருக்கீங்க. ஒரு நாள் நேர்ல சொல்லியிருந்தா புளியைக் கொறச்சிருப்பேனுங்கத்தை" என்றாள். சிரிக்கிறாளா, குத்துகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் உடனே வேலையில் இறங்கிவிட்டாள். ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்று ஒன்றாம். நான் விழித்ததைப் பார்த்து நம் பட்டறையை வைத்தே சொன்னாள். நான் எழுதியது வெறும் சேஸிஸ், ஒவ்வொன்றும் ஒரு தனிக் கோப்பாக நம்மிடமே இருக்கும். இந்தச் சாமான் அதன் மேல் கேபினும் பாடியும் கட்டிப் பக்கமாக வெளியே விடும். ஒரு கம்பெனி மூடினால் வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளலாம். அது எனக்குப் புரிந்தது. கருத்துப் பெட்டி எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"இதுல பெட்டி வராதுங்க. கட்டி முடிச்ச பக்கம், அப்படியே நிக்கும். பின்னால உக்காந்து வாங்கி வைக்க ஆள் கிடையாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரே ஆளுதானுங்களே எழுதறாங்க, அதுவும் ஒரே வார்த்தை. அது எதுக்குங்க?" என்றாள்.

புது இடத்தின் விலாசம் அக்காவுக்கு எப்படித் தெரியும்? பழைய இடத்தில் ஒரு வரி எழுதி வைக்கலாம் என்றால் அங்கே பூட்டு. நாளை சாயங்காலத்துக்கு மேல் அவள் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. நான் வேண்டுமென்றே மூடிக்கொண்டேன் என்றுதான் நினைப்பாள். எங்கள் வீட்டு வழக்கமே அதுதானே.

மறுநாள் மதியம் மருமகள் கூப்பிட்டாள். அவள் குரல் சரியில்லை. பழைய இடத்திலிருந்து மொத்தத்தையும் மூட்டையாக இறக்கி, அந்தச் சாமானில் கொடுத்துப் பக்கம் கட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு பக்கம்தான் வந்திருக்கிறது. கடைசியாக எழுதினது.

"மத்ததெல்லாம்?"

"தெரியலைங்கத்தை. மூணு தரம் கட்டிட்டேன். ஒண்ணுதான் வருது."

மணி ஒன்றே கால். சாயங்காலம் என்றால் அந்தக் கம்பெனிக்கு எந்த ஊர்ச் சாயங்காலமோ அதுவும் தெரியாது. சோறு வடிக்க வேண்டும், வீட்டுக்காரர் சாப்பிட வருகிற நேரம். எனக்கு அடுப்புப் பக்கமே போகத் தோன்றவில்லை. அவள் விரல் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையை எடுத்துவிட்டு நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

எல்லாம் என் தப்புதான். அந்தச் சாமான் தலைப்பைத்தான் கோப்புக்குப் பேராக வைக்குமாம். எல்லாம் அமாவாசை. முதல் அமாவாசையின் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது என்று ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டே வந்து கடைசி மட்டும் நின்றிருக்கிறது. இறக்கின மூட்டையில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது.

"நூறு லாரிக்கு ஒரே நம்பர் பிளேட் மாட்டி உட்டிருக்கீங்க" என்றாள்.

பேரோடு தேதியைச் சேர்த்து மறுபடி கட்டினாள். வரிசையாக வந்து நின்றன. வேண்டாததை இப்போதே எடுத்துவிடலாம், ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். நான் ஒரு புரட்டாசி அமாவாசையைக் காட்டி அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அம்மாவுக்கு முடியாமல் போனதை அக்கா எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொல்லி அனுப்பினாள், சொல்லாமல் வைத்திருந்துவிட்டுச் சபையில் என்னையே குற்றம் சொன்னாள் என்று அதில் எழுதியிருந்தேன். கோபத்தில் எழுதினது. பழைய இடத்தோடு அது போகட்டும் என்று நினைத்தேன்.

அடுத்துக் கருத்துகளை எடுத்தாள். பெட்டி வைக்க முடியாவிட்டாலும் ஏற்கனவே வந்ததையெல்லாம் அந்தந்தப் பக்கத்தின் அடியில் எழுத்தாகச் சேர்த்துவிடுகிறேன் என்றாள். அந்த மூட்டையைப் பிரித்தவள் சட்டென்று நின்றாள். கருத்து எழுதுகிறவர்கள் மெயில் விலாசம் கொடுத்தால்தான் எழுத முடியுமாம். வெளியே தெரியாது, உள்ளே பதிந்திருக்கும். அந்த விலாசத்தில் ஒரு பட்டறையின் பேரும் அதன் ஊர்ப் பேரும் இருந்தன.

"இது அயோத்தியாப்பட்டணத்துப் பெரியத்தைங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் உள்ளே வந்தார். இரண்டு தலை ஒன்றாகக் குனிந்திருப்பதைப் பார்த்து, சோறு ஆச்சா, அப்படி என்ன ரெண்டு பேருக்கும் ரகசியம் என்று கேட்டார். அந்தப் பேர் அவ்வளவு பெரிய எழுத்தில் திரையில் நின்றது.

மருமகள் திரையை மூடவில்லை. மூடியிருந்தால் கிட்ட வந்து பார்த்திருப்பார். "அத்தை எழுதி வச்சதை வேற இடத்துக்கு மாத்தறேனுங்க மாமா" என்றாள்.

"உங்கத்தை மளிகைச் சீட்டையே அரைப் பக்கத்துல எழுதுவா. அதை வேற மாத்தறியா?" என்று சொல்லிக்கொண்டே கைகழுவப் போய்விட்டார்.

அவர் சாப்பிட்டு மறுபடி பட்டறைக்குப் போகிற வரைக்கும் மருமகள் திரையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கேள்விப்பட்டது அந்தப் பக்கத்தாரின் பேரை எடுக்காதே என்பதுதான். மகனிடம் சொல்லிவிடுவாளோ, இவரிடமே சொல்லிவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டே மோர் ஊற்றினேன். அவர் போனதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த மெயிலுக்குப் புது விலாசத்தை அனுப்பலாங்கத்தை. ஆனா நீங்க எழுதணும். நான் எழுதுனா அது நான் சொன்னதாப் போயிரும்."

படியை மிதிக்கக் கூடாது, வாய் பேசக் கூடாது. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லைதான். அது எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானம் என்றும் தெரியும். இத்தனை வருஷமும் நான் ஊருக்குப் பொதுவாக எழுதினேன், அவள் படித்தாள். அவளுக்கென்று நான் எழுதினதில்லை. அக்கா என்று அடித்தேன். அழித்தேன். மறுபடியும் அடித்தேன்.

"அக்கா, அங்க மூடிட்டாங்க. நான் மூடல. இனிமேல் இங்க எழுதறேன்." விலாசத்தை மருமகள் அடியில் சேர்த்தாள்.

சாயங்காலம் பழைய இடம் போய்விட்டது. திறந்தால் வெள்ளையாக இருந்தது.

பதில் வரவில்லை. அமாவாசைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மெயிலை அக்கா பார்த்தாளா, அவள் வீட்டுக்காரர் பார்த்தாரா என்ற நினைப்பு என்னைத் தின்றது. அவர் பார்த்திருந்தால் அங்கே அவளுக்கு என்ன நடந்ததோ. காலையும் மாலையும் மருமகள் முகத்தைப் பார்ப்பேன். அவள் இல்லை என்று தலையாட்டுவாள்.

அமாவாசை வந்தது. பூஜை, சாப்பாடு, குறட்டை எல்லாம் முறைப்படி நடந்தது. நான் எழுதினதை மருமகள் வாங்கி அந்தச் சாமானில் கொடுத்துப் பக்கமாகக் கட்டிவிட்டாள். அடியில் பெட்டி இல்லாமல் பக்கம் வெறுமையாக முடிந்தது. மணி நாலுக்கு மேல் அவள் அடுக்களைக்கு வந்து போனை என் கையில் வைத்தாள். மெயிலில் வந்திருந்தது.

"படிச்சேன். பழசெல்லாம் எண்ணிப் பார்த்தேன். புரட்டாசி ஒண்ணு குறையுது. அதையும் போடு. நீ எழுதினது நெசம். நான்தான் ரெண்டு நாள் சொல்லாம வச்சிருந்தேன். சரியாகிரும்னு இருந்துட்டேன்."

இரண்டு தடவை படித்தேன். இறக்கின மூட்டையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டு என்று மருமகளிடம் சொன்னேன். கோபத்தில் நான் எழுதின அத்தனையும் இருந்தது. அதன் அடியிலும் அன்றைய தேதியில் "படிச்சேன்" என்று இருந்தது. அப்போது நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை போல.

"போடட்டுங்களா?"

"போடு அம்மிணி. அவ இப்ப எழுதினதையும் அடியில சேர்த்துப் போடு."

அவள் தட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் எழுந்து வந்து காப்பிக்கு உட்கார்ந்தார். டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். வழக்கம்போல உள்ளே போகாமல் அங்கேயே நின்றேன்.

"ஏனுங்க, நாளைக்கு நான் அயோத்தியாப்பட்டணம் போய்ட்டு வாரேன்."

அவர் டம்ளரை எடுக்கவில்லை. "யாரு கூப்பிட்டா?" என்றார்.

"யாரும் கூப்பிடலீங்க. நானாத்தான் போறேன்."