வசந்தா நிமிர்ந்து பார்க்கும் படம்

பால் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. வசந்தாவின் தம்பி மகன் ரகு அனுப்பியிருந்தான். எரிகிற விளக்கின் படம், அதன் கீழே 'அத்தை காலமானார்' என்று ஒரு வரி. கணக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

புதன்கிழமை வாசிப்புக்கு வரும் நம் எல்லோருக்கும் வசந்தாவைத் தெரியும். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். அடையாறு வீட்டின் முன்னறையில் விக்டோரியா ராணி காலத்து நாவல்களை நம்மோடு உட்கார்ந்து வாசித்தவர். நானோ கல்லூரிப் படியே ஏறாதவள். அகராதியை வைத்துக்கொண்டு தானே ஆங்கிலம் கற்றவள். "அகராதிய மூடுங்க கமலா. அந்தப் பொண்ண எழுதினவன் எங்க நிக்க வெச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க" என்பார்.

பார்த்தால், நிற்கும் இடமே அவள் கதையைச் சொல்லிவிடும். ஏங்குகிறவள் ஜன்னலோரம். கெட்டுப்போகப் போகிறவள் கண்ணாடி முன்னால், சிவப்பு உடையில். நல்லவளுக்கு வெள்ளை உடை, குனிந்த தலை, பக்கத்தில் ஒரு விளக்கு. "உயிரோட இருக்கறப்பவே அவளைப் படமா மாட்டிடறாங்க" என்றார் ஒருநாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நாங்களும் அம்பாளுக்கு அலங்காரம் பண்ணி நிக்க வெச்சுத்தானே பாக்கறோம்?" என்று கேட்டுவிட்டேன்.

வசந்தா கோயிலுக்கு அதிகம் போகாதவர். ஆனாலும் கேலி செய்யவில்லை. "நீங்க எதுக்குப் போறீங்க? அவளைப் பாக்கவா, அவ உங்களப் பாக்கவா?"

"அவ என்னைப் பாக்கணும்னுதான்."

"அதான் வித்தியாசம். இந்தக் கதைங்கள்ல அவளை எல்லாரும் பாக்கறாங்க. அவ யாரையும் பாக்கறதில்ல."

அன்று மாலை மயிலாப்பூர் சன்னிதியில் அம்பாளின் கண்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நோயில் விழுந்தபோது, காற்று வரட்டும் என்று ரகு கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினான். "டேய், அங்க போடாதடா. அடுத்த அத்தியாயத்துல ஆள் காலி" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு, அவனுக்குப் புரியவில்லை. அவன் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மாலை போடற படத்துல நான் தலை குனிஞ்சிருக்கக் கூடாது கமலா. பாத்துக்கங்க."

காரியத்தன்று போனேன். யார் வீட்டுக் கல்யாணத்திலோ, பட்டுப்புடவையில், குத்துவிளக்கு ஏற்றக் குனிந்த வசந்தா சட்டத்துக்குள் இருந்தார். ரகுவைத் தனியே அழைத்து, அவர் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன்.

"இதுலதான் ஆன்ட்டி அத்தை சாந்தமா இருக்காங்க. மத்ததுல எல்லாம் யாரையோ திட்டற மாதிரியே இருக்கு."

"அவங்க திட்டிண்டுதானேப்பா இருந்தாங்க."

"ஃப்ரேம் போட்டாச்சு ஆன்ட்டி. விடுங்களேன்."

ஆஸ்பத்திரி, காரியம் என்று அலைந்து தூக்கம் கெட்டு அவன் கண்கள் சிவந்திருந்தன. பேருக்குச் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து மந்தைவெளி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அவனாகவே ஒரு படம் அனுப்பினான். 'இது உங்களுக்கு ஆன்ட்டி.' மூக்கு நுனியில் கண்ணாடி. மூடிய புத்தகத்துக்குள் ஒரு விரல். வாசிப்பைக் கெடுத்தவர்களை நிமிர்ந்து முறைக்கிற வசந்தா.

கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, அடுப்புக்கு எதிரே அலமாரியில் வைத்திருக்கிறேன். குழம்பைக் கிளறிவிட்டுத் தலை தூக்கினால் என்னைப் பார்க்கிறார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பார்வைதான்.

புதன்கிழமை அந்தப் படத்தை எடுத்து வருகிறேன். யாரும் அதற்குப் பூ வைக்க வேண்டாம்.