மாமா மொழிபெயர்த்த பேச்சு

என் மாமா முதன்முதலாக மேடை ஏறியபோது நான் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தைப் போலச் சிக்கனமான மொழி உலகத்தில் வேறு இல்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ரொம்ப காலம் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஆந்திராவில், கார்வேட்டிநகரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவிலிருந்து திருப்பதிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர்ந்த முதல் ஆள். அங்கே யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று வரிசையாகச் சொற்பொழிவுகள் வைத்தார்கள். நிறவெறி, ஓவியம், சமூக நீதி என்றெல்லாம் தலைப்பு. அதில் ஒரு நாள் அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பின ஓவியர் பேச வருகிறார், அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மாமா தெலுங்கில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. போனில் இதைக் கேட்டதுமே அம்மா களையெடுப்புக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முதல் நாளே பஸ் ஏறிவிட்டாள்.

மாமா ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் மலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். படியேறும் முன்பு அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னா ஆளுங்கன்னு யாருனா கேட்டா, பயிர் வைக்கிறவங்கன்னு சொல்லு. மீதிக்கு வாயத் தொறக்காத. உங்க மாமா அப்டித்தான் சொல்லி வெச்சிக்கீறான்."

நாங்கள் பயிர் வைக்கிறவர்கள்தானே, இதை எதற்கு மனப்பாடம் செய்யவேண்டும் என்று இருந்தது. வீட்டுக்காரம்மா கேட்கவும் செய்தார். சொன்னேன். தயிர்சோற்றோடு ஆவக்காய் ஊறுகாயும் கிடைத்தது. அன்பான மனுஷிதான்.

மறுநாள் மாமா கண்ணாடி முன்னால் நின்று கையை ஆட்டிப் பேசிப் பழகினார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாமா, அவங்க ‘நான்’னு சொன்னா நீ இன்னான்னு சொல்லுவ?"

"நானும் ‘நான்’னுதான் சொல்லணும். ஆனா அது நான் இல்ல, அந்தம்மா. குழப்பிக்காத, இன்னா?"

நான் குழப்பிக்கொள்ளவில்லை. அதை அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்களோடு வந்தார். தன் வீட்டுப் பையன் மேடையேறுகிறான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லியிருந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன்.

அந்த ஓவியர் நல்ல உயரம். தலைமுடியை நூல் நூலாகப் பின்னியிருந்தார். திரையில் ஒரு பழைய ஓவியத்தைக் காட்டினார். பணக்காரக் குடும்பம் ஒன்று சரிகை உடையில் உட்கார்ந்திருந்தது, காலடியில் நாய், ஓரத்தில் ஒரு கறுப்புச் சிறுமி பழத்தட்டோடு நின்றிருந்தாள். ‘இதில் இருக்கிற எல்லார் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள், நாயின் பெயரைக்கூட. இந்தச் சிறுமியின் பெயரை மட்டும் யாரும் எழுதவில்லை’ என்று மாமா தெலுங்கில் சொன்னார். எனக்கோ அந்த நாயின் பெயர் என்னவாக இருக்கும் என்றே ஓடியது. அடுத்து, ஓவியர் தாமே வரைந்த படங்கள். அந்தச் சிறுமியைப் போன்ற பெண்கள் பெரிய நாற்காலியில் நடுவில் உட்கார்ந்து எங்களை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒருத்தி கையிலும் தட்டு இல்லை.

பிறகு அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். சின்ன வாக்கியம்தான். மாமா வாயைத் திறந்தார், மூடினார், எங்கள் வரிசையைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

‘எங்கள் ஊர்ப் பெரிய வீட்டில் ஒரு கல்யாணம். நாங்கள் பந்தலுக்கு வெளியே நின்றோம். எச்சில் இலை எடுக்க என் அக்காவைக் கூப்பிட்டார்கள். போட்டோ பிடிக்கிறவர் குழந்தைகளெல்லாம் வாங்க என்றதும் அக்காவும் ஓடிப்போய் ஓரமாக நின்றாள். நாற்காலி முதுகின்மேல் கையை வைத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுக்கும்போதே படம் பிடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது. ஒருநாள் கூலி வாங்கப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலிமேல் என் அக்காவின் கை மட்டும் இருக்கிறது.’

இதையெல்லாம் அந்த ஓவியர் ஒற்றை வரியில் அடக்கிவிட்டாரே என்று நான் அசந்துபோனேன். அமெரிக்காவிலும் பந்தல் போடுவார்கள், இலை போட்டுச் சாப்பிடுவார்கள் என்பதும் புதுச் செய்தி. மாமாவுக்கு இருந்த ஒரே அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். குளிருகிறது போல என்று நினைத்தேன்.

மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மா எழுந்து போய்விட்டார். காலி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டேன். மேடையில் ஓவியர் குறுக்கே பேசாமல், மைக்கைவிட்டுத் தள்ளி நின்றார். கடைசியில் மாமா அவரிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கினார். அவர் வந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சபையில் பாதிப்பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மீதிப்பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரம்மா படிக்கட்டின் கீழே நின்றபடியே மாமாவைக் கூப்பிட்டார். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, சொல்லியிருக்கலாமே என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னது காதில் விழுந்தது. மாமா மேலே வந்து புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தார்.

"ஏன் மாமா காலி பண்ற?"

"இங்க தண்ணி சரியா வர்ல."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மலை தெரிகிற ஜன்னல் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது. மாமா அழவில்லை. சாமான்களை ஆட்டோவில் ஏற்றிச் சிநேகிதனின் அறைக்குப் போகும்போது, ராத்திரி நன்றாகத் தூங்கியவரைப் போல இருந்தார். "தப்பா பேசிட்டனாக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "போடா, துன்னாம கொள்ளாம கெடக்காத," என்றாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கேள்விகள் தீரவில்லை.

"ஏம்மா, அந்த அமெரிக்காக்காரம்மாவோட அக்காவுக்கு இப்ப எத்தினி வயசு இருக்கும்?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "என் வயசு இருக்கும்," என்றாள்.

"அந்த போட்டோவ அவங்க பாத்தாங்களா?"

"இல்ல. பாக்கல."

"இப்ப நல்லா கீறாங்களா?"

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"நல்லாத்தான் கீறா."

கடலுக்கு அப்பால் இருக்கிற யாரோ ஒருத்தியைப் பற்றி என் அம்மாவுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.