இஸ்திரி மேசை சூப்பர்வைசர்

சுழல் நாற்காலியின் முதுகில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு இஸ்திரி மேசைக்குப் போய்விடுவார் சூப்பர்வைசர். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார விட்டால்தானே! ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் எங்களுடையது. அங்கே நான் கணக்கு எழுதுகிறேன், வாயைப் பொத்திக்கொண்டு.

போன வருடம் வரை அவர் வெறும் இஸ்திரிக்காரர். வேலை நேரம் தாண்டி நின்றால் ஓவர்டைம் கிடைக்கும். வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. ஒருநாள் முதலாளி அவர் தோளில் கை போட்டு, "இனிமே நீங்கதான் சூப்பர்வைசர்" என்றார். மேற்பார்வை பார்ப்பவர்களுக்குச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாதாம். எத்தனையோ சட்டம் இருக்க, முதலாளிக்கு அந்த ஒன்று மட்டும் மனப்பாடம். இந்த மனுஷரோ வாயெல்லாம் பல்லாக வந்து என் கையைக் குலுக்கினார். இஸ்திரிப் பெட்டி கையை விட்டு இறங்கவில்லை, சம்பளம்தான் இறங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மனைவிக்கு என்னைவிட அதிகமாக. மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"உங்க பட்டத்தை வீட்டுக்காரன்கிட்ட வாடகையா நீட்டட்டுமா? யாரை மேய்க்கிறீங்க நீங்க, இந்தத் தலகாணி உறைங்களையா?"

"மெதுவாப் பேசுடி. என் சகலையே இப்ப வாங்க போங்கன்னுதான் கூப்பிடறாரு."

"கூப்பிடுவாரு, கூப்பிடுவாரு. கைமாத்து கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும்!"

அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை. நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். உள்ளே அடித்த நீராவியைத் தாங்க முடியாமல் கோட்டைக் கழற்றி இஸ்திரி மேசைமேல் போட்டார். "பேரு என்னவா வேணா இருக்கட்டும். நீங்க நெசமா என்ன வேலை செய்யறீங்கன்னுதான் சட்டம் பாக்கும். இஸ்திரி போடறதுதான் வேலைன்னா, விட்டுப்போன ஓவர்டைமும் சேர்த்து வாங்கித் தர்றேன். சொல்லுங்க, என்ன வேலை?"

முதலாளி அதிகாரிக்குப் பின்னால் நின்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். சொல்லித் தொலையேன் மனுஷா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. வாடகை பாக்கியென்று வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. இஸ்திரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சூப்பர்வைசருங்கம்மா" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. "கையால தொடற வேலையெல்லாம் இப்ப கிடையாதுங்க. எல்லாரையும் வேலை வாங்கறது மட்டும்தான்."

சொல்லும்போதே அவருடைய இடது கை அந்தக் கோட்டின் கையை நீவிவிட்டது. வலது கை பெட்டியை அதன்மேல் ஓட்டியது. முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். இவர் கோட்டைத் திருப்பிப் போட்டு, முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்தார்.