காரில் செகண்ட்ஸ் கிடையாதாம்

அமெரிக்க வரியால் டி-ஷர்ட் ஆர்டர் நின்றுபோனதால், திருப்பூர் மண்ணரையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனி இப்போது எலக்ட்ரிக் கார் சீட்டுக்குத் துணி பின்னுகிறது.

இன்று முதல் ரோலைப் பார்க்க, கார் கம்பெனி அதிகாரி ஒரு கேமராவோடு வந்தார். பழுது இருந்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும்.

எரிந்தது.

முதலாளி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. செக்கிங் சரோஜாக்கா மட்டும் குனிந்து பார்த்தார்.

"ஊசி ஓட்டைதானுங்க சார். செகண்ட்ஸ்ல போட்டு கம்மி வெலைக்கு வித்துப்போடலாங்க."

"கார்ல செகண்ட்ஸே கிடையாதும்மா. ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்த ரோலும் ரிஜெக்ட்தான்."

"ஏனுங்க, எங்க ஊட்டுல எல்லாருமே செகண்ட்ஸ்தானுங்க போடறோம். நல்லாத்தான இருக்கறோம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆர்டர் உண்டா இல்லையா என்று நாளைக்குச் சொல்வாராம்.

திருப்பூர்க்காரர்களே, உண்மையைச் சொல்லுங்கள். இப்போது நீங்கள் போட்டிருக்கும் பனியன் அந்தக் கேமராவில் பாஸாகுமா?